சாட்சியோடு வா

பரீட்சை வாரம். காலையில் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். பிற்பகலில் வருகைப் பதிவு கிடையாது. அந்த வியாழக்கிழமை மாலை நான்கு பத்துக்குக் கணக்கு ஆசிரியர் இரண்டாம் மாடி அறையில் தனியாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். காற்றில் தாள்கள் பறக்கின்றன என்று கதவைச் சாத்தியிருந்தார்.

கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒன்று.

"யாரு?"

"சார்... ஒரு நிமிஷம் பேசணும்."

பெண் குரல், மெதுவான குரல். பேனாவை மூடாமலே அவர் சொன்னார்: "தனியா பேச முடியாதும்மா. இப்ப விதி வந்திருக்கு. நாளைக்கு வா. கூட யாரையாவது சாட்சிக்குக் கூட்டிட்டு வா."

பிறகு, "சரி சார்." செருப்புச் சத்தம் படி இறங்கிப் போனது. அவர் அடுத்த தாளை எடுத்தார். விதியை மீறாமல் நடந்துகொண்டோம் என்று மனதுக்குள் ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது.

விதி வந்தது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. வேறொரு பள்ளியில் நடக்கக் கூடாத ஒன்று நடந்து, அந்தப் பள்ளியே சந்தி சிரித்துப் போயிருந்தது. அதனால் கல்வித்துறையின் சட்ட ஆலோசகர் ஒவ்வொரு அரசுப் பள்ளியாக வந்து ஆசிரியர்களை உட்காரவைத்துப் பேசினார். நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு கையேடு. பதினான்காம் விதியை மட்டும் இரண்டு முறை வாசித்துக் காட்டினார்: பள்ளி நேரத்துக்குப் பிறகு, மூடிய அறையில், ஆசிரியர் எவரும் ஒரு மாணவருடன் தனியாக இருக்கக் கூடாது. "இதை மட்டும் பிடிச்சுக்குங்க. இது உங்களைக் காப்பாத்தும்" என்றார். எல்லோரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டார்கள். "என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு யோசிக்காம கையெழுத்துப் போடல" என்று இயற்பியல் ஆசிரியர் முணுமுணுத்ததும் கூடம் சிரித்தது. கணக்கு ஆசிரியரும் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்திட்டார். கையேட்டை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பத்தாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சுப் பெண் பரீட்சைக்கு வரவில்லை. பதினோரு மணிக்கு அவள் அம்மா தலைமை ஆசிரியை அறைக்கு ஓடிவந்தாள். நேற்று பள்ளிக்கு வந்தவள் வீடு திரும்பவே இல்லையாம்.

மூன்றாவது பெஞ்சுப் பெண் வாயே திறக்காதவள். கேள்வி கேட்டால் பதில் சட்டைக் காலருக்குள்தான் போகும். நேற்றைய மெதுவான குரல் கணக்கு ஆசிரியருக்கு நினைவு வந்தது. நேரே போய்த் தலைமை ஆசிரியையிடம் சொன்னார். "நேத்து சாயங்காலம் நாலு பத்துக்கு என் கதவைத் தட்டினா டீச்சர். நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

காவல்துறை அவர் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டது. பத்து நாள் கழித்து மூன்று பேர் கொண்ட குழு பள்ளியில் விசாரணை நடத்தியது. சட்ட ஆலோசகர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். "நீங்க செஞ்சதுதான் சார் சரி. உள்ளே கூப்பிட்டிருந்தா இன்னைக்கு உங்க கதி என்ன?" அறிக்கையில் ஒரே வரி: ஆசிரியர் விதிமுறைப்படி நடந்துகொண்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவர் முதல் முறையாகக் கையேட்டைப் பிரித்தார். பதினான்காம் விதிக்கு இரண்டாவது பத்தி ஒன்று இருந்தது. 'எனினும் உதவி தேடி வரும் மாணவரை எக்காரணம் கொண்டும் திருப்பி அனுப்பக் கூடாது. உடனே பலர் பார்வையில் படும் இடத்துக்கு அழைத்துச் சென்று, மற்றொரு பணியாளர் முன்னிலையில் கேட்க வேண்டும்.'

நின்றபடியே அதை நான்கைந்து தடவை வாசித்தார். குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. அவர் அதைப் போய்ச் சொல்லவும் இல்லை.

அதன் பிறகுதான் அந்தத் தட்டல் ஆரம்பித்தது.

மாலை நான்கு மணி தாண்டினால் போதும். இரண்டு தட்டு, இடைவெளி, ஒன்று. எழுந்து போய்த் திறப்பார். தாழ்வாரம் காலியாக இருக்கும். துடைத்த தரையின் ஈரம், பினாயில் வாடை, கோடியில் வாளியோடு துப்புரவு அம்மா.

"யாராவது வந்தாங்களாம்மா?"

"யாரும் வரலையே சார். நான் இங்கதான இருக்கேன்."

ஒரு மாதம் இப்படியே போனது. கடைசியில், கீல் கிறீச்சிடுகிறது என்று காரணம் சொல்லித் தச்சரை வரவழைத்துக் கதவையே கழற்றிவிட்டார். மறுநாள் மாலை தாள்கள் பறந்தன. அவற்றைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கையில், கதவில்லாத அந்த வெற்று வாசலிலிருந்து தெளிவாகக் கேட்டது. இரண்டு. ஒன்று. கையில் தாள்களோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டிலும் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வருவார். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி முதலில் கிண்டல் செய்தாள். "யாருங்க அது, எனக்குத் தெரியாம உங்களுக்கு மட்டும் வர்ற விருந்தாளி?" பிறகு கிண்டலை நிறுத்தினாள். அவர் எழுந்தால் தானும் கூடவே எழுந்து வாசல்வரை வந்து நின்றாள்.

'மீதி எவ்வளவு?' என்று ஓயாமல் கேட்பவர் என்பதால் பிள்ளைகள் அவருக்கு 'மீதி சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அவர் கேள்வி கேட்பதே குறைந்துபோயிற்று. பலகையில் எழுதிக்கொண்டே இருப்பார். சட்டென்று கை நிற்கும்.

இரண்டு ஆண்டுகள் போயின. கண்ணில் பவர் கூடிவிட்டது என்று ஒருநாள் நகரத்தின் மறுகோடியில் உள்ள கண்ணாடிக் கடைக்குப் போனார். மேசைக்குப் பின்னால் நின்ற பெண் ஒரு ஃபிரேமை எடுத்து அவர் காதில் மாட்டினாள். சரிபார்க்கக் குனிந்தவள் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள்.

"மீதி சார்!" நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, மன்னிச்சுக்குங்க சார்."

மூன்றாவது பெஞ்சு. சற்றுப் பூசினாற்போல் இருந்தாள். குரல்கூடக் காலரைத் தாண்டி வெளியே வந்திருந்தது.

அவர் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "உயிரோட இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன் சார். சித்தி வீட்ல இருக்கேன். அப்பா கைக்குப் பயந்துதான் ஓடிவந்தேன். ஒரு மாசம் கழிச்சு சித்தியே போலீஸ்ல போய்ச் சொல்லிட்டாங்க. அம்மா இப்ப வந்து பாத்துட்டுப் போறாங்க. ஸ்கூல்ல சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. பள்ளியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பு எப்போதோ மூடப்பட்டுவிட்டது.

"அன்னைக்கு நீ கதவைத் தட்டினப்ப..." என்று தொடங்கினார். "நான் திறந்திருக்கணும்மா. தப்புப் பண்ணிட்டேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். "எந்தக் கதவு சார்?"

"வியாழக்கிழமை. சாயங்காலம் நாலு பத்து."

"நான் இல்ல சார். பரீட்சை முடிஞ்சு பன்னிரண்டரை மணிக்கே பஸ் ஏறிட்டேன்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். "நாலு மணிக்கு மேல போன பஸ்ஸா பாத்து விசாரிச்சாங்களாம். ஏன்னு எங்களுக்குப் புரியவே இல்ல. உங்களாலதான் தப்பிச்சேன் போலிருக்கு."

கண்ணாடி வாங்காமலே அவர் தெருவுக்கு வந்தார். நல்ல வெயில். இரண்டு வருடமாக இவளை நினைத்தே வெந்துகொண்டிருந்தார். இவளோ சௌக்கியமாக இருக்கிறாள். அப்படியானால் அன்றைக்குப் படியிறங்கிப் போன பெண்ணை இதுவரை ஒருவரும் தேடவே இல்லை.

மறுநாள் காலை தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டாவது பத்தியையும் விரித்துக் காட்டினார். தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"முடிஞ்சுபோனதை ஏன் சார் தோண்டுறீங்க? நீங்களும் மாட்டுவீங்க, நானும் மாட்டுவேன்."

"முடிஞ்சிருச்சான்னு தெரியலையே டீச்சர்."

"சட்ட ஆலோசகர்கிட்ட கேட்டுட்டு அடுத்த வாரம் சொல்றேன்."

கணக்கு ஆசிரியர் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கவில்லை. அந்த ஆண்டு அவர் பாடம் எடுத்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது பன்னிரண்டில் இருந்தார்கள். நான்கு பிரிவுகளுக்கும் தானே போனார். சாக்பீஸை வைத்துவிட்டு வகுப்பைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பரீட்சை சமயத்துல, ஒரு பொண்ணு பேசணும்னு என் அறைக்கு வந்துச்சு. சாட்சியோட வான்னு சொல்லி அனுப்பிட்டேன். அது தப்பு. விதியும் அப்படிச் சொல்லல, நான்தான் ஒழுங்கா படிக்கல. இனிமே தினமும் நாலு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் நூலகத்து முன்னால, எல்லாரும் நடமாடுற இடத்துல உக்காந்திருப்பேன். நூலக அம்மாவும் கூட இருப்பாங்க. யாரு வேணும்னாலும் வரலாம்."

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

மூன்று நாள் ஒருவரும் வரவில்லை. நூலக அம்மா அட்டை கிழிந்த புத்தகங்களை ஒட்டிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் கைப்பந்து அணித் தலைவி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பள்ளியிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான்.

"நான்தான் சார் அது."

"வியாழக்கிழமையா?"

"இல்ல சார், செவ்வாய்க்கிழமை. பரீட்சைக்கு முன்னாடி பேசணும்னு வந்தேன். எங்களை வரிசையா நிறுத்தி, 'எதுவா இருந்தாலும் சாட்சியோட வாங்க'ன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவருக்குச் செவ்வாய்க்கிழமை ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதுதான் அவரை அதிகம் உலுக்கியது.

பிள்ளைகளை ஏற்றிவரும் வாடகை வேன் ஓட்டுநரைப் பற்றி அவள் சொன்னாள். கடைசியாக இறங்கும் பெண்ணை அவன் வேண்டுமென்றே சுற்றுவழியில் கூட்டிப்போவான். போகிற வழியில் பேசக் கூடாததையெல்லாம் பேசுவான். "சாட்சிக்கு யாரை சார் கூட்டிட்டு வர்றது? வேன்ல நான் மட்டும்தான இருந்தேன்?" அத்தனை பெரிய வாய் அதைச் சொல்லும்போது நடுங்கியது. நூலக அம்மா பசைக் கையோடு எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதற்கு மறுநாள் இருவர் வந்தார்கள். அந்த வாரத்துக்குள் ஐந்து பேர். ஒருத்தி இயற்பியல் அறைக் கதவைத் தட்டியிருந்தாள், ஒருத்தி தலைமை ஆசிரியையின் கதவையே தட்டியிருந்தாள். எல்லோருக்கும் சாட்சியோடு வா என்றே பதில் கிடைத்திருந்தது. மூன்று பேர் சொன்னது அதே ஓட்டுநரைப் பற்றி. அவன் அன்று காலைகூட வாசலில் ஹாரன் அடித்துப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போயிருந்தான்.

ஐந்து பேர் சொன்னதையும் கணக்கு ஆசிரியர் எழுதி, நூலக அம்மாவிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கித் தலைமை ஆசிரியை மேசையில் வைத்தார். தன் கதவின் கதையும் அதில் இருப்பதைப் பார்த்து அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. பிறகு யாரையும் கேட்காமல் தானே காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்தார். ஓட்டுநர் அன்று மாலையே பிடிபட்டான்.

ஆனால் வியாழக்கிழமைப் பெண் வரவில்லை.

கதவு தட்டப்பட்ட அந்த ஆண்டோடு பள்ளியை விட்டுப் போன பெண்களின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். பதினான்கு பேர். எப்போது வேண்டுமானாலும் பள்ளிக்கு வந்து பேசலாம் என்று ஒவ்வொருத்திக்கும் கடிதம் போனது. பள்ளி முத்திரையிட்டுத் தலைமை ஆசிரியைதான் கையெழுத்திட்டார். பதின்மூன்று பேரைப் பற்றி ஏதோ ஒரு வகையில் தகவல் கிடைத்தது. ஒரு கடிதம் மட்டும், அந்த முகவரியில் யாரும் இல்லை என்று திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் மனைவியும் அந்த முகவரிக்குப் போனார்கள். வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் கம்பியில் சிலந்தி வலை. பக்கத்து வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அவங்க காலி பண்ணிப் போய் ஒரு வருஷமாச்சே. புருஷனும் பொண்டாட்டியும் சாமானை ஏத்திக்கிட்டுப் போனாங்க."

"பொண்ணு?" என்று மனைவி கேட்டாள்.

"பொண்ணா?" ஈரத் துணியோடு அவள் கை நின்றது. "அதை அதுக்கு ரொம்ப முன்னாடியிருந்தே காணோமே. எங்கயோ படிக்கிறான்னு சொன்னாங்க. நானும் கேக்கல."

திரும்பும் வழியில் பேருந்து காவல் நிலைய நிறுத்தத்தில் நின்றபோது முதலில் எழுந்தது மனைவிதான்.

நான்கு மாதம் கழித்துக் காவல்துறை அவளைக் கண்டுபிடித்தது. அந்தப் பெண் தொலைதூர நகரமொன்றில், ஒரு வீட்டில் வேலைக்காரியாக, வெளியே விடாமல் வைக்கப்பட்டிருந்தாள். கொண்டுபோய் விட்டவர்கள் பெற்றவர்களே. இப்போது பெண்கள் விடுதியில் இருக்கிறாள், உடம்பு தேறிவருகிறது என்று பெண் காவல் அதிகாரி பள்ளிக்கே வந்து சொன்னார்.

"அவகிட்ட ஏதாவது கேக்கணுமா சார்? அன்னைக்கு வந்தது நீதானான்னு வேணும்னா கேட்டுச் சொல்றேன்."

"வேண்டாம்மா. என் மனசு ஆறணும்னு அந்தப் பொண்ணை மறுபடியும் அந்தக் கதவு முன்னால கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். அவ மேல படிக்கணும்னு சொன்னா மட்டும் எனக்குச் சொல்லுங்க."

அதிகாரி குறித்துக்கொண்டார். மணி நாலரை. நூலகத்து முன்னால் ஏழாம் வகுப்புப் பெண்ணொருத்தி பையைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். கணக்கு ஆசிரியர் எழுந்து அங்கே போனார்.