இடுகாட்டு வாசலில் ஏறிய அறுபது பேர்

எங்கள் தெருமுனையில் யாருமே பஸ் ஏறுவதில்லையாம்! அடுத்த மாதத்திலிருந்து அங்கே பஸ் நிற்காது என்று போக்குவரத்துத் துறை நோட்டீஸ் ஒட்டிவிட்டது. எனக்கு வந்ததே கோபம். என் தங்கை தினமும் காலையில் அங்கேதான் ஏறி ஆஸ்பத்திரிச் சலவைக்கூட வேலைக்குப் போகிறாள். முழங்காலில் ஆபரேஷன் ஆனவள். அடுத்த நிறுத்தம்வரை நடக்க அவளால் ஆகாது. நிறுத்தம் போனால் வேலையும் போகும்.

நான் கல்லூரி நூலகர். அரசாங்கம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் புள்ளிவிவரங்களை எப்படித் தேடுவது என்று மாணவர்களுக்குத் தொண்டை வறளச் சொல்லித் தருபவள். அன்று எனக்காகத் தேடினேன். ‘பேருந்து’ என்று போட்டால் டெண்டர்களாகக் கொட்டியது. ‘நிறுத்தம் வாரியாகப் பயணச்சீட்டு’ என்று மாற்றியதும் ஆறு மாதக் கோப்பு ஒன்று கிடைத்தது. மேலோட்டமாகப் புரட்டியதில் எங்கள் நிறுத்தத்துக்கு நேரே பக்கம் பக்கமாகப் பூஜ்யம். அதற்கு முந்தைய நிறுத்தமான இடுகாட்டு வாசலில் மட்டும் தினமும் அறுபது பேர் ஏறியிருந்தார்கள். அங்கே சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடு கிடையாது.

அந்த பஸ்ஸின் கண்டக்டர் என் வீட்டுக்காரர்தான். சாப்பிட உட்கார்ந்தவரிடம் கேட்டேன்.

“ஏங்க, செத்தவங்கல்லாம் டிக்கெட் வாங்கிட்டு எங்க போறாங்க?”

விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

“நம்ம ஸ்டாப்புல கூட்டம் நெருக்குதே... மெஷின்ல ஸ்டாப்ப மாத்தாமலே டிக்கெட் போட்டுடுவேன். ரெண்டுக்கும் ஒரே காசுதானே, என்ன கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.”

“உங்க கொழுந்தியா பொழப்பு கெட்டுப்போச்சு!”

ஆத்திரத்தில் திட்டித் தீர்த்தேன். பிறகு நினைவு வந்தது. போன மாதம் நாலு நாள் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். கோப்பில் அந்த நாலு நாளைத் தேடினேன். வேறு கண்டக்டர்; எங்கள் நிறுத்தத்தில் ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று, அறுபது, ஐம்பத்தொன்பது. இடுகாட்டு வாசலில் ஈ காக்கை இல்லை. அடித்தது யோகம் என்று அச்செடுத்துக்கொண்டேன்.

மறுநாள் துறை அலுவலகத்துக்கு இருவருமாகப் போனோம். அதிகாரி தாளைப் புரட்டினார். “நாலு நாள் கணக்க வெச்சு எப்படிம்மா முடிவு பண்றது?”

நான் வாய் திறக்குமுன் இவர் எழுந்துவிட்டார். “தப்பு என்னுது சார். கைப்பட எழுதிக் கொண்டாந்திருக்கேன்.”

“மெமோ குடுப்பாங்க, தெரியுமில்ல?”

“குடுக்கட்டும் சார். ஸ்டாப்ப எடுத்துடாதீங்க.”

முந்தின நாள் அப்படித் திட்டினேனே என்று மனசு கரைந்துபோனது.

ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் அதிகாரி. மெமோ வந்தது. நோட்டீஸும் போனது. அடுத்த கோப்பு வெளியான அன்று தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்தேன். எங்கள் நிறுத்தம்: ஒரு நாளைக்கு அறுபத்திரண்டு.

அவள் திரையில் விரல் வைத்தாள். “இதுல நானும் இருக்கேனாக்கா?”

“இருக்கடி,” என்றேன்.