துளிக்கு இரண்டு தட்டு

ஜுனைதா கல்யாணம் முடித்து அலுவிகாரைக்கு வந்தபோது, கூட வந்த பெட்டிகளில் ஒன்றை இரண்டு ஆள் சேர்ந்துதான் இறக்கினார்கள். பட்டோ பாத்திரமோ என்று மாமி நூருன்னிஸா ஆசையோடு திறந்து பார்த்தார். உள்ளே செம்புக் கம்பிச் சுருள்களும் பித்தளைத் தகடுகளும் மெழுகுக் கட்டிகளும், பிரித்துப் போட்ட கிராமபோன் தலைகள் நாலைந்தும் கிடந்தன. மாமி பேசாமல் மூடிவைத்தார். புதுப்பெண்ணைப் பார்க்க வந்த அக்கம்பக்கத்தாரிடம், "படிச்ச புள்ள" என்று மட்டும் சொன்னார். அது பெருமையா சமாதானமா என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஜுனைதா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பிரிவில் உதவி விரிவுரையாளர். மழைத்துளி தகட்டில் விழுகிற சத்தத்தை வைத்தே மழையை அளக்க முடியுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கிராமபோன் தலைக்குள் ஒரு பளிங்குத் துண்டு இருக்கும். அதைத் தகட்டின் அடியில் ஒட்டினால், தகடு அதிரும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் தரும். அதிலிருந்து வரும் கம்பியை றேடியோவின் பின்பக்கத்தில் செருகிவிட்டால் துளி ஒவ்வொன்றும் 'டிக்' என்று அறைக்குள்ளே கேட்கும்.

தொல்லை என்னவென்றால், தொடக்கத்தில் விழுகிற சில துளிகள்தான் தெளிவாகக் கேட்கும். பிறகு தகடு நனைந்துவிடும். துளி தண்ணீர் மேலேயே விழுந்து சத்தம் அமுங்கிப்போகும். அவளுக்குத் தண்ணீர் ஒட்டாத தகடு வேண்டியிருந்தது. தோட்டத்துச் சேம்பிலையை ஒட்டிப் பார்த்தாள். துளி அழகாக உருண்டு ஓடியது, ஆனால் இலை மெத்தை மாதிரி சத்தத்தை விழுங்கிவிட்டது. மெழுகு பூசினாள். துளிகள் முத்து முத்தாக அங்கேயே குந்திக்கொண்டன. மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புப் புகையில் தகட்டைக் காட்டிக் கரி படியவிட்டாள். அதுதான் அதிசயம். துளி பந்துபோல எகிறிக் குதித்து ஓடியது. தகடு காய்ந்தபடியே இருந்தது. ஆனால் ஒரு மழையில் கரி கழுவிப்போனது. கடைசியில் மெல்லிய மெழுகின் மேல் கரி பிடித்து, இலேசாகச் சூடு காட்டி அதை மெழுகிலே பதியவைத்தாள். அது நின்றது. தகட்டைச் சமையல் குசினிக் கூரையில் ஏற்றினாள். அதற்குள் குசினிச் சுவரில் பாதி கறுத்துவிட்டது. மாமி சுண்ணாம்பு வாளியைக் கொண்டுவந்து அவள் பார்வையில் படும்படி வைத்தார். ஜுனைதா புரிந்துகொண்டு தானே பூசினாள்.

மாமா யஹ்யா மிளகு வியாபாரி. நாவுலப் பக்கமிருந்து பச்சை மிளகு வாங்கி, வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் காயவைப்பார். பின்னேரச் செய்தி கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மருமகளுடைய துளிகள் வந்ததும் செய்தி போயிற்று, ஏனென்றால் அந்த றேடியோவில் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம். நவம்பர் மழையோ செய்தி நேரம் பார்த்துத்தான் வரும். மனிதர் ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு ஒருநாள், ஓட்டுக்கூரையில் ஓசையே கேட்காத முதல் தூறல் றேடியோவில் 'டிக்' என்றது. ஓடிப்போய்ப் பாயைச் சுருட்டினார். தெருவிலே மற்ற எல்லாருடைய மிளகும் நனைந்தது, அவருடையது நனையவில்லை. அன்றிலிருந்து செய்தியைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் "மழ!" என்று கூப்பிட்டால் தெருவே பாயைச் சுருட்டத் தொடங்கியது.

இப்படி இருக்கையில்தான் பேராதனையிலிருந்து பேராசிரியர் சிவலிங்கம் கருவியைப் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். இந்த வேலையைத் தொடரலாமா விடுவதா என்பது அவர் சொல்லில் இருந்தது. மாமி தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து வட்டிலாப்பம் அவித்திருந்தார். வெயில் பளீரென்று எரிந்தது. ஜுனைதா கருவியை விளக்கிக்கொண்டிருக்கும்போது றேடியோ 'டிக், டிக்' என்றது. யஹ்யா துள்ளியெழுந்து வாசலுக்கு ஓடினார். அவர் குரல் கேட்டுத் தெரு முழுக்கப் பாய்கள் சுருண்டன.

வானத்தில் ஒரு முகில் இல்லை. குசினிக் கூரையில் தகட்டின் மேல் ஒரு மைனா நின்று மெழுகைச் சொண்டால் கொத்திக்கொண்டிருந்தது.

தெருவில் சிரிப்பு எழுந்தது. யஹ்யா மைனாவைப் பார்த்தபடி நின்றார். ஜுனைதாவுக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. பேராசிரியரும் சிரித்தார், ஆனால் கேள்வியை விடவில்லை.

"துளியையும் சொண்டையும் உம்முடைய கருவி என்ன மாதிரிப் பிரிச்சு அறியும்?"

ஜுனைதா வெறும் கையோடு நிற்கப் பிடிக்காமல் தகட்டைக் கம்பியோடு இறக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மைனாவைப்போல நகத்தால் தட்டினாள்: டிக். பிறகு கண்ணுக்கு மருந்து விடும் குழாயால் ஒரு துளி விட்டாள்: டிக், அதன் பின்னாலே மெல்லியதாய் இன்னொரு டிக். மறுபடி விட்டாள். மறுபடியும் இரண்டு. விழுந்த துளி எகிறி, மேலே போய், திரும்ப விழுகிறது! நனைந்த தகட்டில் இது நடக்காது. கரி பூசிய தகட்டில்தான் நடக்கும். இத்தனை நாளும் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், ஆனால் கவனிக்கவில்லை.

"சேர், துளி ஒவ்வொண்டும் ரெண்டு தரம் தட்டுது. மைனா கொத்துக்கு ஒரு தரந்தான் தட்டும்."

சிவலிங்கம் குழாயை வாங்கித் தானே விட்டுப் பார்த்தார். உயரத்தைக் கூட்டினார், குறைத்தார். பெரிய துளி உயரத்திலிருந்து விழுந்தால் சிதறியது, சிறுதுளி எகிறியது. இரண்டு தட்டுக்கும் இடையிலுள்ள நேரத்தைக்கூட அளக்கலாமே என்று தனக்குள் முணுமுணுத்தார். வட்டிலாப்பம் ஆறிப்போனது. மாமி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, மூன்றாம் முறை நேரே மேசைக்கே கொண்டுவந்து தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பேராசிரியர் சாப்பிட்டுக்கொண்டே, பேராதனையில் கூரைக்கு ஏற வழியுள்ள ஓர் அறையை அவளுக்கு ஒதுக்கித் தருவதாகவும், அடுத்த வருட ஆராய்ச்சிக் கூட்டத்தில் அவளே இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் சொன்னார். ஜுனைதா தலையாட்டினாள். வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் றேடியோ மறுபடி தட்டியது. யஹ்யா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"மைனாவா மகள்?"

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "இல்ல மாமா. மழதான்."

யஹ்யா வாசலில் நின்று கூப்பிட்டார். புலி வருது கதைதான், ஒருவரும் அசையவில்லை. ஒருவர் மட்டும் மைனாவுக்கு சலாம் சொல்லும்படி சொல்லி அனுப்பினார். மாமி அந்தப் பகிடியைக் காதில் வாங்காமல் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கி, பாயின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை ஜுனைதா பிடித்தாள். இருவரும் கடைசிப் பாயை உள்ளே இழுத்துப் போடவும் மழை கொட்டத் தொடங்கியது. தெருவெல்லாம் ஆட்கள் ஓடினார்கள். மாமி மூச்சு வாங்கிக்கொண்டே, "எங்கட புள்ள சொன்னா கேக்கோணும்" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரிச் சொன்னார்.