சிகரத்தில் மிச்சமிருந்த வெயில்

மலையேற்றத்தின் மூன்றாம் நாள் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபோது பள்ளத்தாக்கில் வெயில் இல்லை. மேற்கு மலை அதை மறைத்துவிட்டிருந்தது. மதியத்துக்கு மேல் பனி உருகி ஓடையில் தண்ணீர் ஏறிவிட, கயிறு கட்டி ஒவ்வொருவராகக் கடக்க வேண்டியிருந்தது. அதில்தான் தாமதம்.

ராஜமதி பாறையில் உட்கார்ந்து பூட்ஸைத் தளர்த்தினாள். அவளும் கணவர் ஜினதாஸும் சமணர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். முந்தின நாளும் இப்படித்தான் தாமதமாகி, வெறும் வயிற்றோடு படுத்தார்கள். இன்று காலை ஏற்றத்தில் அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கோபி பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

திண்டிவனத்தில் உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் கோபி, வருஷா வருஷம் ஹிமாச்சலுக்கு ஆள் சேர்த்து அழைத்துவருபவன். இவர்களுக்கென்று வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் தனிச்சட்டியில் சமைக்கச் சொல்லியிருந்தான். பருப்புச் சோற்றுத் தட்டுகளோடு வந்து நின்றான்.

“அக்கா, நைனாரே, ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன். இன்னிக்கும் சாப்புடலன்னா நாளைக்கு மேல இட்டுக்கினு போவ மாட்டேன். குதிரக்காரரோட கீழ அனுப்பிடுவேன்.”

“கோச்சிக்கினியா கோபி?”

“கோவம்லாம் இல்லக்கா. பயம். ஐஸு மேல நீங்க மயங்கி உழுந்தா நான் இன்னா பண்றது?”

தட்டுகளைப் பாறைமேல் வைத்துவிட்டுப் போனான்.

பனியாறு அங்கிருந்து அரைநாள் நடை. பணிக்காலம் முழுக்க விழுப்புரத்துப் பள்ளியில் புவியியல் நடத்தியவள் ராஜமதி. பனியாறு நகரும், பாறையை அரைக்கும், பள்ளத்தாக்கைச் செதுக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னவள். ஓய்வுபெற்ற அன்றே ஜினதாஸிடம் சொல்லிவிட்டாள், ஒரு தடவையாவது அதன்மேல் நிற்க வேண்டும் என்று. வேர்க்கடலை வியாபாரியான அவர் அவளுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

அவள் நிமிர்ந்தாள். கிழக்கே சிகரத்தின் மேல்பாதி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

“என்னங்க, பொழுது இன்னும் போவல. அதோ பாருங்க.”

“அது அங்க. நீ இங்க இருக்கற. வேணும்னா மேல ஏறிப் போயி சாப்டுட்டு வா.”

“கிண்டல் பண்ணாதீங்க. சூரியன் உழுவல. மலைதான் மறைக்குது.”

“மறைச்சா இன்னா, உழுந்தா இன்னா?”

“அப்ப பெருமுக்கல்ல உங்க தங்கச்சி ஊடு மலைக்குக் கெழக்கால இருக்குதே. மலை மறைச்சதும் அவங்க சோத்துப்பானைய மூடிடறாங்களா?”

தங்கை வீட்டில் ஜினதாஸே எத்தனையோ முறை அந்த நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

ஜெயித்துவிட்டாள். ஆனால் இதே வாதத்தைப் பசியில்லாத ஒரு மாலையில், பனியாற்று ஆசை குறுக்கே வராத இடத்தில் சொல்லியிருப்பேனா என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லியிருக்க மாட்டாள். அதனாலேயே அது தப்பாகிவிடுமா என்பதும் விளங்கவில்லை. ஒரு தட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“எனக்கு வேணாம் ராஜி.”

“இன்னும் நம்பலையா?”

“நீ சொல்றது சரியாத்தான் இருக்குது. எனக்கு என்னமோ இருட்டிப்போச்சி.”

“அப்ப நாளைக்கு நீங்க கீழ போவணுமே.”

“போறேன். குதிர மேல போற யோகம் யாருக்கு வரும்?”

“நானும் வந்துடறேன்.”

“வந்து? ஆயுசுக்கும் பாதி வழில திரும்பிட்டோம்னு எங்கிட்டயே சொல்லிக்கினு இருப்ப. அந்த பேஜாரு எனக்கு வேணாம்.”

அவள் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு விஷயத்தில் இருவரும் பிரிந்து நின்றதில்லை. உண்டால் சேர்ந்து உண்டார்கள். இல்லையென்றால் சேர்ந்து பட்டினி. தன் தட்டை மடிக்கு இழுத்துச் சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. சூடு குறைந்துகொண்டு வந்தது.

ஜினதாஸ் பாறையில் திரும்பி உட்கார்ந்தார். கிழக்கே பார்த்து, கழுத்தை நிமிர்த்தி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார்.

“வெயிலு கொஞ்சந்தான் இருக்குது. அத நான் பாத்துக்கறேன். நீ தட்டப் பாத்து சாப்புடு. ஜல்தி.”

அவள் முதல் வாயை எடுத்தாள்.

“இருக்குது,” என்றார் அவர். சற்றுப் பொறுத்து, தலையைத் திருப்பாமலே, “இன்னும் இருக்குது. சாப்புடு.”