அடிக்கு ஒரு சோளம்

செத்துக் கிடந்த பத்துமலையின் தலையில் மங்களம் எண்ணெயும் சீயக்காயும் வைத்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குப் பின்னால் சரக் சரக்கென்று வெட்டுச் சத்தம் கேட்டது. கணவனின் கால்மாட்டில் கிடந்த கருப்பம்மாள் தலையைத் தூக்கினாள்.

“யாரு சோளத்த வெட்டுறது?”

“ஒன் தம்பிதான் லா. சனம் நிக்க எடம் பண்றாரு போல,” என்றாள் பக்கத்து வீட்டு மங்களம்.

தம்பி உடையப்பன் பாகான் டத்தோவிலிருந்து காலையில்தான் வந்திருந்தான். சாவு வீடென்றால் அவனுக்குக் கை சும்மா இருக்காது, வாய் அதற்கும் மேல். பறைக்கு ஆள் சொன்னான், மூங்கில் வெட்டினான், அழுதுகொண்டிருந்தவர்களைக்கூட எழுப்பி இடம் மாற்றி உட்காரவைத்தான். பெருமூச்சு விட்டு அவள் மறுபடி தலையைச் சாய்த்தாள்.

எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது வேலை போனவன் பத்துமலை. மூன்று வருடத்துக்கு முன்பு காம்பாருக்கு வெளியே, ஈயம் தோண்டிக் கைவிட்டுப்போன லம்பத்து மணலில் வீடு போட்டான். மழைக்குப் பஞ்சமில்லாத ஊர்தான். ஆனால் அந்த மணல் பெய்ததையெல்லாம் குடித்துவிட்டு மறுநாளே வெளுத்துக் கிடக்கும். வெறும் சோளம் போட்டான், கருகியது. அடுத்த போகம் சோளத்துக்கு நடுவே தட்டைப்பயறு போட்டான். கொடி மணலை மூடி ஈரம் காத்தது, சோளம் ஆளுயரம் வளர்ந்தது.

மணலுக்கு நடுநடுவே சேற்றுக் குழிகளும் இருந்தன. மேலே விரற்கடை அளவு காய்ந்த மணல், அடியில் ஆழம் தெரியாத சேறு. முதல் வருடம் ஒரு ஆடு அவர்கள் கண்ணெதிரே உள்ளே போயிற்று. அதன்பிறகு பத்துமலை கழியால் குத்திப் பார்த்து, கெட்டியான தரையில் மட்டும், தான் எட்டி வைக்கும் அடிக்கு ஒன்றாகச் சோளம் நட்டான். வரிசை பாம்பு மாதிரி வளைந்து போகும். சேற்றின் மேல் பயறு தானாகப் படர்ந்தது.

“சோளம் நிக்கிற எடத்துல நட. பயறு மட்டும் இருந்தா கால வைக்காத,” என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவளைத் தவிர யாருக்கும் அது தெரியாது. மகன் அர்ச்சுனனுக்குச் சிலிபினில் லாரி பட்டறையில் வேலை. தீபாவளிக்கு வந்து கறி சாப்பிட்டுவிட்டு ஓடுகிறவனுக்குப் பயற்றங்கொடியா தெரியப்போகிறது?

பாடை தூக்கினார்கள். சுண்ணாம்பு மலைக்கு மேல் வானம் இருண்டிருந்தது. ரோட்டைச் சுற்றித்தான் போவார்கள் என்று நினைத்திருந்தவள், பறை வீட்டுக்குப் பின்பக்கம் திரும்புவதைக் கேட்டாள்.

“அந்தப் பக்கம் ஏன் போறாங்க?”

“மழ வருதுக்கா,” என்றாள் மங்களம். “குறுக்கால போனா சுடுகாடு பத்து நிமிசம். அதுக்குத்தான் ஒன் தம்பி வழி பண்ணிருக்காரு போல.”

கருப்பம்மாள் பின்வாசலுக்கு ஓடினாள். கொல்லை நடுவில் ஒரு சோளம்கூட நிற்கவில்லை. சாய்ந்த தட்டையும் கொடியும் கலந்து எல்லாம் ஒரே பச்சையாகக் கிடந்தது. கொள்ளிச்சட்டியோடு அர்ச்சுனன் முன்னால், நேராகப் போய்க்கொண்டிருந்தான்.

“அர்ச்சுனா! நில்லுடா!”

பறை அதை விழுங்கிவிட்டது. பாய்ந்தவளை நாலு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். எத்தனையோ தாலி அறுத்தவர்களைப் பிடித்து வைத்த கைகள், அவள் திமிறத் திமிற இறுகின.

“விடுங்கடி! எம்புள்ள சேத்துல போறான்!”

“அழுதுருக்கா, அழுதுரு,” என்று மங்களம் அவளை நெஞ்சோடு சேர்த்து அமுக்கினாள்.

அவளைத் தவிர அந்தத் தரை தெரிந்தவன் ஒருவன்தான். அவன் பாடையில் போய்க்கொண்டிருந்தான்.

“பத்துமலை!” என்று கத்தினாள்.

இருபத்தாறு வருடத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. கிளினிக்கில் கேட்டால்கூட மங்களத்தைத்தான் சொல்லச் சொல்வாள். பெண்களின் கைகள் தளர்ந்தன. அவள் ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் அர்ச்சுனன் தொடைவரை இறங்கியிருந்தான். உடையப்பன் குப்புறப் படுத்து அவன் கையைப் பிடித்து இழுத்தான். கருப்பம்மாளும் இழுத்தாள். கால் வெளியே வந்தது. கைநழுவிய கொள்ளிச்சட்டி பயற்றிலைகளுக்கு நடுவே சாய்ந்து, மெல்ல அமிழ்ந்தது. இலைகளின் ஊடே கொஞ்சநேரம் புகை வந்தது. பிறகு அதுவும் நின்றது. பறை எப்போது நின்றதென்று யாருக்கும் தெரியவில்லை.

“எனக்கு எப்படிக்கா தெரியும்?” என்றான் உடையப்பன்.

அவள் பாடை தூக்கியவர்கள் பக்கம் திரும்பினாள்.

“நான் கால் வச்ச எடத்துல வைங்க. தள்ளி வைக்காதீங்க.”

பாடைக்கு முன்னால் அவள் நடந்தாள். பொம்பளை வரக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. கொடியைக் காலால் விலக்கித் துழாவினாள். சரிவாக வெட்டிய சோளக்கட்டை உள்ளங்காலில் குத்தியது. அழுத்தி நின்று அடுத்ததைத் தேடினாள். பத்துமலையின் அடி பெரிது, அவள் எட்டி எட்டி வைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்த கட்டையைத் தேடினாள்.

வரிசை முடிந்தது. எதிரே சுடுகாட்டு வேலி.

“நீங்க போங்க,” என்றாள்.

அர்ச்சுனன் அவள் காலைப் பார்த்தான். பிறகு பாடையின் முன்கொம்புக்குத் தோள் கொடுத்து நடந்தான். பாடை அவளைத் தாண்டிப் போயிற்று. முதல் தூறல் பயற்றிலைகளில் விழுந்தது.

கடைசிக் கட்டையின் மேலிருந்து அவள் காலை எடுக்கவில்லை.