ஆன்சலாவுக்கு ஷெல் படவில்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையதல்ல, முல்லைத்தீவுக் கரையில் கடலுக்குப் போகும் றொசானின் மனைவி ஆன்சலாவுடையது. பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொல்லவேண்டியதை, கதை எழுதுகிற என்னிடம் சொல்லிவிட்டாள். பாதர் என்றால் கேட்டதை வெளியே விடமாட்டார்.

2

முதல் தொடக்கம்: ஆன்சலாவின் காலுக்குள் இன்னும் அந்த இரும்புத்துண்டு—

[வெட்டிவிட்டேன். வன்னியில் ஒருத்தி காலை இழுத்து நடந்தால் பேனா தானாகவே போர்க்கால ஷெல்லைத் தேடிப் போகிறது.]

இரண்டாவது: செருப்பு கழன்றது தெரியாமல் ஆன்சலா நடந்தாள். சட்டைப் பொத்தானைப் பூட்ட விரல்கள் மறுத்தன. உடம்பின் காவலே கை கால் நரம்புகளை எதிரியென்று நினைத்து அரிக்கிறது என்றார் டொக்டர். சொந்தக் காவலே சொந்தச் சனத்தை—

[இதை முடிக்கமாட்டேன். நானும் இந்த ஊரில்தான் இருக்கவேண்டும்.]

மருந்து ஏற்றினால் சில கிழமை நடப்பாள். பிறகு பழையபடி விழுவாள். "நேற்றுச் சந்தைக்கு நடந்தவள், இண்டைக்கு நடிக்கிறாள்" என்றது அயல். தழும்பில்லாத நோய் வருத்தத்தை யார் நம்பினார்கள்?

3

ஒட்டுசுட்டான் பேருந்து. கை கம்பியைப் பிடித்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான், இடமில்லாமல் நின்ற ஆன்சலா அறிந்தாள். இருக்கைகளில் இருந்தவர்கள் எல்லோரும் கைபேசிக்குள் தலையை விட்டிருந்தார்கள். அப்புத்துரை என்ற முதியவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஷெல் காயமோ?"

நரம்பு வருத்தத்தை விளங்கப்படுத்த அவளுக்குத் தெம்பில்லை. சொன்னாலும் யார் எழும்பப் போகிறார்கள்?

"ஓம் ஐயா."

"எங்கை பட்டது?"

"முள்ளிவாய்க்காலிலை."

"நானும் அங்கைதான்."

அவர் எழும்பினார். அப்போதுதான் சாரத்துக்குக் கீழே செயற்கைக் கால் தெரிந்தது.

"இரு பிள்ளை. இது நோகாத கால்."

ஆன்சலா அவருடைய இருக்கையில் இருந்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் எழும்பவில்லை; எழும்பினால் விழுவாள்.

4

பிறகு நடந்ததை அவள் சொல்ல மறுத்துவிட்டாள். ஆகவே இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ: உண்மையைச் சொல்கிறாள். "வருத்தம் வருத்தம்தானே பிள்ளை" என்கிறார் அவர். [நீங்கள் கண்ணைத் துடைப்பீர்கள். எனக்குக் குமட்டுகிறது.]

ஆ: சொல்லாமல் இறங்கி, வீட்டில் போய் அழுகிறாள். [எல்லாக் கதையிலும் வருகிற அச்சுக்கூடத்து அழுகை.]

இரண்டையும் அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

"முடிவு கிடக்கட்டும். அந்த மனுசன் இன்னும் நிக்குது. முதல் அவரை இருத்துங்கோ."

"உம்மை எழுப்பிவிடவோ?"

"எழும்பினால் விழுவன் எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்."

உண்மைதான். ஆனால் அந்தப் பேருந்தின் மற்ற இருக்கைகளையெல்லாம் நான் உங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு நேரமும் இருந்தபடிதான் வாசித்தீர்கள். முன்னால் வளைவு வருகிறது, அப்புத்துரையின் கை கம்பியில் வழுக்குகிறது. யாராவது எழும்புவீர்களா, இல்லை, உங்களுக்கும் முதலில் ஷெல் காயமா என்று தெரியவேண்டுமா?