படிவத்தில் இல்லாத அப்பா

"ஏனுங்க, அந்த மேடம் கீழ ரோட்டுக்கு வந்துட்டாங்களாம். எங்கியாச்சும் போயிருங்க, சீக்கிரம்!"

மனைவி ஜெனிஸ் சொல்லி முடிப்பதற்குள் செலஸ்டின் பின்கதவைத் தாண்டியிருந்தான். போகிற போக்கில் கொடியில் கிடந்த தன் சட்டையையும் லுங்கியையும் சுருட்டி எடுத்துக்கொண்டான். எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கீழே தேயிலைக்குள் புகுந்து குந்தியபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது. சொந்த வீட்டிலிருந்து திருடன் மாதிரி ஓடுகிற பிழைப்பு யாருக்கு வரும்? வரவழைத்துக்கொண்டவன் அவன்தான், வேறு யாரைக் குறை சொல்வது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சண்டையில் கோபித்துக்கொண்டு கிளம்பியவன் கேரளாவில் போய்த் தொலைந்தான். ஒரு போன்கூட இல்லை. மகள் லிஜி எட்டாவதோடு படிப்பை நிறுத்தவேண்டிய நிலை. அப்போதுதான், அப்பா விட்டுப்போன பெண்பிள்ளைகளை ஒரு கோயம்புத்தூர் கம்பெனி படிக்கவைக்கிறது என்று பள்ளிக்கூடத்து சிஸ்டர் படிவம் நிரப்பிக் கொடுத்தார். ஃபீஸ், பஸ், புத்தகம் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொண்டது. இப்போது பிளஸ் டூ. இன்றைக்கு வீட்டை வந்து பார்க்கிற மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டால் காலேஜும் அவர்கள் பொறுப்பு.

இந்த நேரம் பார்த்துத்தான் தொலைந்துபோன ஐயா போன கிறிஸ்துமஸுக்குத் திருந்தி வந்து சேர்ந்தார்.

ஜூன் மழை தூறிக்கொண்டே இருந்தது. கெண்டைக்காலில் அட்டை ஏறியும் அவன் அசையவில்லை. குடையும் ஃபைலுமாக மேடம் தனியாக ஏறி வந்தாள். பாதை பிரிகிற இடத்தில் யோசித்து நின்றாள். பிறகு குறுக்குவழியில் திரும்பினாள்.

செலஸ்டின் பாதி எழுந்தான். அந்த வளைவில்தான் காலையிலிருந்து ஒற்றைக் காட்டெருமை நிற்கிறது. போன மாதம் ஒரு ஆளைத் தூக்கி எறிந்ததும் அதுதான். வெளியே போனால் லிஜியின் படிப்புக்கு ஆபத்து. போகாவிட்டால் அந்தப் பெண்ணின் உயிருக்கு ஆபத்து. கர்த்தரே, கர்த்தரே என்று இரண்டு தரம் சொன்னான். மூன்றாம் தரம் சொல்லும்போது ஓடிக்கொண்டிருந்தான்.

"மேடம், நில்லுங்க! திரும்பாம அப்படியே பின்னால வாங்க!"

பத்தடி தூரத்தில் தேயிலைக்கு மேலே கொம்பு தெரிந்ததும் மேடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. பாதைக்கு வந்த பிறகும் அவள் அவன் கையை விடவில்லை. "ஜெனிஸ் வீட்டுக்குப் போகணும். தயவுசெஞ்சு கூடவே வாங்க," என்றாள். அவனால் மறுக்க முடியவில்லை.

வாசலில் இருவரையும் சேர்த்துப் பார்த்த ஜெனிஸுக்கு உயிரே போய்விட்டது. கையிலிருந்த டீ தளும்பிக் கொட்டியது.

"இவர் இல்லைன்னா இன்னைக்கு என் கதை முடிஞ்சிருக்கும். யாரு இவரு?"

ஜெனிஸ் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது.

"மேல் லைன்ல இருக்காருங்க மேடம்," என்றாள் லிஜி. குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

மேடம் ஃபைலைப் பிரித்தாள். "அப்பாகிட்டயிருந்து ஏதாச்சும் தகவல் வந்துச்சாம்மா?"

"இல்லீங்க."

"இனி வருவாரா?"

"வர மாட்டாருங்க மேடம்."

செலஸ்டின் கதவோரம் தலையைக் குனிந்து நின்றான். லிஜிக்கு அவனுடைய மூக்கு, அவனுடைய நெற்றி, எஸ்டேட்டே சொல்லும். மேடத்தின் கண் அவளைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, மறுபடி அவளிடம் போனது. பேனா படிவத்துக்கு மேலே நின்றுவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவனுக்குக் காது அடைத்தது.

மேடம் கையெழுத்துப் போட்டாள்.

"நல்லாப் படிம்மா," என்று எழுந்தாள். லிஜி மட்டும் நிதானமாக மூலையிலிருந்த குடையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"மாமா, மேடத்த ரோடு வரைக்கும் கூட்டிட்டுப் போயி உட்டுட்டு வாங்க."

அவன் திரும்பி வந்த இந்த ஆறு மாதத்தில், அவள் அவனை ஏதாவது சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சரி கண்ணு," என்றான் செலஸ்டின்.