ஆயில் ஃபில்டரில் வந்துகொண்டிருந்தவர்

"கையைத் திற."

"ஒண்ணுமில்ல அண்ணி. வெறும் அழுக்கு."

"அழுக்கை எவனாவது இப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பானா? திற தம்பி, சொல்றேன்ல!"

சத்தம் விமானக் கொட்டகையைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோது தையற்காரர் மெஷினை நிறுத்தினார். அவர் மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள். அவர்கள் அறிய அண்ணியும் கொழுந்தனும் அதுவரை ஒருவரையொருவர் குரலுயர்த்திப் பேசியதில்லை. தெருவுக்கு அது ஒரு குறையாகவே இருந்துவந்தது. அண்ணியின் கோபத்தில் நியாயம் இருந்தது. வானத்தில் காணாமல் போன அவள் கணவர், பல வருஷங்களாக, சிறிது சிறிதாக, அந்தக் குட்டி விமானத்தின் ஆயில் ஃபில்டர் வழியாகத்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

விமானம் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம். அண்ணன் ஓட்டுவார், தம்பி எஞ்சினைப் பார்த்துக்கொள்வான். ஒரு நாள் காலை அண்ணன் கிளம்பிப் போனார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு விமானம் மட்டும் திரும்பியது. தானாகவே இறங்கி, கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. சக்கரம் கோணாமல், ஒரு குலுக்கலும் இல்லாமல், அண்ணன் ஒருநாளும் அப்படி இறக்கியதில்லை என்று தம்பியே சொன்னான். கதவு பூட்டியிருந்தது. இருக்கைப் பட்டை அவருடைய தொப்பை அளவுக்கு மாட்டியபடியே இருந்தது. தொப்பையைத்தான் காணோம். வயலையெல்லாம் தேடினார்கள், ஆற்றையும் தேடினார்கள். விசாரிக்க வந்த அதிகாரி, உடல் கிடைக்காததால் செத்தவராகவும் கொள்ள முடியாது, ஓடிப்போனதைப் பார்த்தவர் இல்லாததால் ஓடிப்போனவராகவும் கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனார். ஆக அண்ணி விதவையும் இல்லை, வாழாவெட்டியும் இல்லை. அவளை என்னவென்று குறிப்பிடுவது என்று தெரியாமல் தையற்காரர் மனைவி வெகுநாள் திண்டாடினாள்.

அடுத்த முறை ஆயில் மாற்றும்போதுதான் விஷயம் தெரிந்தது. எஞ்சினின் பின்பக்கத்தில் உள்ளங்கையில் பிடிக்கிற அளவுக்கு ஒரு தகர டப்பா, அதுதான் ஃபில்டர். அதற்குள் விசிறி மாதிரி மடித்த காகிதம். ஆயில் அந்தக் காகிதத்தைக் கடந்துபோகும். கடக்க முடியாதது மடிப்பில் தங்கிவிடும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் எறிந்துவிடுவது தொழில் தெரியாதவர்கள் செய்கிற வேலை. டப்பாவின் தலையைச் சுற்றி வெட்டி, காகிதத்தை உருவி, ஆயிலைப் பிழிந்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். இரும்புத் தூள் மினுங்கினால் எஞ்சின் தன்னைத்தானே தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தம்பி விரித்துப் பார்த்தபோது இரும்பு இல்லை. ஒரு நகத் துண்டும் நாலைந்து மீசை முடியும் இருந்தன. அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் ஒரு முடியை எடுத்து வெயிலில் பிடித்தாள். "அவரேதான். சாயம் பாதியில நிக்குது பாரு. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அடி வரைக்கும் பூசுங்கன்னு," என்றாள். பிறகுதான் அழுதாள்.

அதன்பின் அந்த விமானத்தில் உட்கார எந்த விமானியும் சம்மதிக்கவில்லை. பறக்காத எஞ்சினுக்கு ஃபில்டர் மாற்ற வேண்டியதே இல்லை. ஆனால் அண்ணி மாதாமாதம் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். தம்பி விமானத்தைத் தரையிலேயே நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, எஞ்சினை உறுமவிட்டு, ஆயில் சூடு ஆறுவதற்குள் வடித்து, ஃபில்டரைக் கழற்றினான். இது தப்பு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தரையில் நின்று உறுமுகிற எஞ்சின் வேண்டிய அளவு சூடாகாது. ஆயிலில் சேர்கிற ஈரம் ஆவியாகாமல் உள்ளேயே தங்கும். மெல்ல மெல்லத் துரு பிடிக்கும். அண்ணன் உயிராக வைத்திருந்த எஞ்சினை, அண்ணனைப் பார்ப்பதற்காகவே கொன்றுகொண்டிருந்தார்கள். ஒருமுறை அவளிடம் சொல்லிப் பார்த்தான். "அப்ப அவர் எப்படி இருக்கார்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். மறுமுறை அவன் சொல்லவில்லை.

வருஷங்கள் போயின. மீசையில் சாயம் நின்றுபோனது, நரை வந்தது. மூக்குக்கண்ணாடியின் பொடித் திருகாணி ஒன்று வந்தபோது, கண் பார்வை குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டார்கள். கம்பளி நூல் ஒன்று வந்தது. மேலே குளிரும்தான் என்றார் தையற்காரர். அண்ணியும் வேலையைக் கற்றுக்கொண்டாள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவுவது, கையால் திருகிப் பிறகு ஸ்பேனரால் இறுக்குவது, அதிர்வில் கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியை முறுக்கிப் பூட்டுவது எல்லாம் அவளுக்குத் தம்பியைவிடச் சுத்தமாக வந்தது. ஃபில்டர் நாளன்று தலைவாரி, இருப்பதில் நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு போவாள். முதலில் கேலி பேசிய தெருவுக்குப் பிறகு பழகிவிட்டது. "இந்த மாசம் எப்படி இருக்காராம்?" என்று வெளியூரில் வேலை பார்ப்பவரை விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள்.

சண்டை நடந்த அன்று தம்பி காகிதத்தை விரித்ததுமே சட்டென்று எதையோ எடுத்துக் கையை மூடிக்கொண்டான். எஞ்சின் போய்விட்டது, இரும்புத் தூளாகக் கொட்டுகிறது, இனிமேல் ஓட்டவே கூடாது என்றான். அண்ணி கருவிப் பெட்டியிலிருந்து காந்தத்தை எடுத்து, மடிப்பு மடிப்பாகத் தடவினாள். காந்தம் சுத்தமாக வந்தது.

"இரும்பு எங்க தம்பி?"

அங்கேதான் குரல் உயர்ந்தது. கடைசியில் அவன் கையை விரித்தான். உள்ளங்கையில் ஆயில் மினுங்க ஒரு பால் பல் இருந்தது.

அண்ணி அதை வெகுநேரம் பார்த்தாள். "இந்த வயசுல இவருக்குப் பால் பல்லு விழுதாக்கும்," என்றாள்.

தம்பி பல்லை அவள் கையில் வைத்தான்.

"வேற என்ன வந்துச்சு?"

அவன் போல்ட்டுகள் வைக்கிற தகரப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தான். பிரித்தால் நீள நீளமாகச் சுருட்டை முடி. அண்ணியின் முடி ஈர்க்குச்சி மாதிரி நேரானது. ஒன்றை எடுத்துத் தன் பின்னலோடு வைத்து அளந்து பார்த்தாள். அவளுடையதைவிட ஒரு சாண் நீளம்.

"எத்தனை நாளா?"

"வருஷக்கணக்கா அண்ணி. சொல்ல மனசு வரல. அவரைப் பாக்கணும்னு நீங்க தலை சீவிக்கிட்டு வந்து நிப்பீங்க..."

"அந்தக் கம்பளிச் சட்டையும் அவ பின்னினதாத்தான் இருக்கும். அது தெரியாம, குளிருக்குப் போட்டிருக்காரேன்னு நான் சந்தோஷப்பட்டேன்."

அவள் ஆயில் பீப்பாயின் மேல் உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். எஞ்சினைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போவது முறையில்லை என்பதால், புது ஃபில்டரை எடுத்து, வளையத்தில் ஆயில் தடவி, மாட்டி, கம்பியை முறுக்கிப் பூட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய் வக்கீலைப் பார்த்தாள்.

நீதிபதி பல்லைப் பார்த்தார். பல் மருத்துவர் வந்து, இது தானாக விழுந்த பால் பல்தான், குழந்தை நல்ல ஆரோக்கியம் என்று சாட்சி சொன்னார். கணவர் உயிரோடு வேறு குடும்பம் நடத்துவது நிரூபணமானது. ஆனால் அவருக்குத் தாக்கீது கொடுக்காமல் விவாகரத்து கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. கோர்ட் சேவகர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர், கொட்டகைக்கு வந்து தாக்கீதை விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியின் இலையில் ஒட்டினார். எஞ்சினை ஓட்டினார்கள். நின்றபோது விசிறியில் காகிதம் இல்லை, தரையிலும் இல்லை. சேர்ப்பிக்கப்பட்டது என்று சேவகர் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் ஃபில்டரை விரித்தபோது மடிப்புகள் முழுக்க மினுங்கின. காந்தத்தில் ஒட்டவில்லை, எஞ்சினுக்குள் இருக்கும் வெண்கலத் தாங்கு உருளைதான் தேய்ந்துவிட்டது என்று தம்பி நினைத்தான். அண்ணி ஒரு துகளை நகத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு நகை ஆசாரியிடம் கொண்டுபோனாள். அவர் உரைத்துப் பார்த்துத் தங்கம் என்றார். கல்யாணத்தன்று அவள் போட்டுவிட்ட மோதிரம், அவ்வளவும், ஒரு குன்றிமணி குறையாமல் பொடியாக வந்திருந்தது. நீதிபதி அதைச் சம்மதமாக ஏற்றுக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் போட்ட ஒரே பதில் அதுதான்.

கொழுந்தன்தான் கட்டிக்கொள்ளப்போகிறான் என்று தெரு அடித்துப் பேசியது. தையற்காரர் மனைவி கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். அண்ணி கோர்ட் சேவகரைக் கட்டிக்கொண்டாள். விமானமே பறக்காத ஓர் ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போனார்கள். பெட்டிகளை வண்டியில் ஏற்றியவன் தம்பிதான். "நீயும் ஒருத்தியப் பாத்துக் கட்டிக்க தம்பி," என்றாள். "பாக்கலாம் அண்ணி," என்றான். கட்டிக்கொள்ளவில்லை.

அவள் போன அடுத்த மாதமும் கொட்டகையில் எஞ்சின் உறுமியது. தையற்காரர் மனைவியால் பொறுக்க முடியவில்லை. நேரே போய்க் கேட்டாள்:

"அவதான் போயிட்டாளே, இன்னும் எதுக்குப்பா இந்தச் சனியனை உருட்டிக்கிட்டிருக்கே? நீயே சொல்வியே, எஞ்சினுக்கு ஆகாதுன்னு."

அவன் கழற்றிய ஃபில்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே, "அவங்களுக்குப் புருஷன் சரி. எனக்கு அண்ணன் இல்லையாக்கா?" என்றான்.

அவ்வளவு வருஷத்தில் தெருவில் ஒருத்தருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. அவள் அங்கேயே ஒரு பீப்பாயில் உட்கார்ந்து, அவன் வெட்டி விரிப்பதைப் பார்த்தாள். அதன்பின் மாதாமாதம் போகிறாள். இப்போதெல்லாம் மடிப்பில் இரும்பு நிஜமாகவே வருகிறது. எஞ்சின் அதிக நாள் தாங்காது என்பது அவளுக்கே தெரிகிறது. அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவளும் கேட்பதில்லை. போன மாதம் நரைமுடியோடு ஒரு பென்சில் துண்டும் வந்தது, முனை பல்லால் கடித்து நசுங்கியிருந்தது. குழந்தை பையனா பெண்ணா என்று இன்னும் தெரியவில்லை. "எழுதப் படிக்க ஆரம்பிச்சாச்சு," என்று மட்டும் தெருவில் வந்து சொன்னாள். தையற்காரர் தலையாட்டிவிட்டு மெஷினை மிதித்தார்.